பட்டம் இல்லாமல் ஃப்ரீலான்ஸ் ஐ.டி. வேலை: கடலூர், புதுச்சேரியில் இருந்தபடி தொடங்க முழுமையான வழிகாட்டி

பிளஸ் டூ முடித்த கையோடு மஞ்சக்குப்பத்தில் ஒரு டிடிபி கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கலெக்டர் ஆபீஸ் மனு, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருப்போம். ஒரு நாள் பண்ருட்டியிலிருந்து முந்திரி வியாபாரி ஒருவர் வந்தார். அவருக்கு யாரோ ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்திருந்தார்கள். போனைத் திறந்து காட்டி, “ஏம்மா, இதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்கே புரியலையே” என்றார். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கிறுக்கல். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த விலைப் பட்டியலை, எல்லாப் போனிலும் தெரியும் பொதுக் குறியீடான யுனிகோடுக்கு மாற்றாமல் அப்படியே ஒட்டிவிட்டிருந்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத போனில் இப்படித்தான் தெரியும். எனக்கு அது தினமும் பார்க்கிற சிக்கல். அரை மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்தேன். என்ன படித்திருக்கிறாய் என்று அவர் கேட்கவே இல்லை. “மீதிப் பக்கத்தையும் நீயே பாத்துடும்மா” என்றார்.

மாதச் சம்பளம் இல்லாமல், செய்த வேலைக்குக் கூலி வாங்கும் என் ஃப்ரீலான்ஸ் வேலை அங்கே தொடங்கியது. கல்லூரிக்குப் போகும் வசதி வீட்டில் இல்லை. இன்று வரை என்னிடம் பட்டம் கிடையாது. இந்த வருடங்களில் எனக்குப் புரிந்தது இது: முன்பின் தெரியாத ஒருவருக்கு நம்மேல் கொஞ்சம் நம்பிக்கை வரவைக்கும் காகிதம்தான் பட்டம். அது கையில் இல்லையென்றால் அந்த நம்பிக்கையை வேறு எதைக் கொண்டாவது உண்டாக்க வேண்டும். திறந்து காட்டக்கூடிய வேலை, எழுத்தில் இருக்கும் பேச்சு, சொன்ன தேதியில் முடிப்பது. கீழே வரும் ஒவ்வொரு படியும் இதற்காகத்தான்.

தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது

பட்டம் தேவையே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அரசு வேலைக்கு வேண்டும். பெரிய கம்பெனிகள் பலவற்றில் விண்ணப்பத்தை முதல் சுற்றிலேயே தள்ளிவிடுவார்கள். வெளிநாட்டில் போய் வேலை பார்க்க விசா கேட்கும்போது பல நாடுகள் படிப்பைப் பார்க்கும். ஃப்ரீலான்ஸில் மட்டும்தான் அந்தக் கேள்வி அபூர்வமாக வருகிறது. அதனால் இப்போது கல்லூரியில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நின்றுவிட வேண்டாம். நின்றுவிட்டவர்களுக்கும் வழி அடைந்துவிடவில்லை. நம் மாவட்டத்திலேயே சிதம்பரத்தில் 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொலைதூரக் கல்வி நடத்துகிறது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இக்னோவும் இருக்கின்றன. வேலையில் ஊன்றிய பிறகு அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, பணம். முதல் ஆறு மாதத்தில் வருமானம் எதிர்பார்க்காதீர்கள். நான் டிடிபி கடையை விடாமல் இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும்தான் கற்றேன். வீட்டில் ஆறு மாதச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு இருக்கும்வரை இருக்கிற வேலையை விட வேண்டாம்.

முதல் படி: ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள்

“ஐ.டி. கத்துக்கணும்” என்று தொடங்குகிறவர்கள் மூன்று மாதத்தில் ஆறு கோர்ஸ் பாதியில் விட்டிருப்பார்கள். உங்களால் இன்னொருவருக்கு விற்கக்கூடிய ஒரு வேலை எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். கண்ணை நம்மூர்ப் பக்கம் திருப்பினாலே பதில் கிடைக்கும்.

புதுச்சேரியில் கெஸ்ட் ஹவுஸ்கள் ஏராளம். அவற்றில் பல, அறை முன்பதிவுக்கு வெளிநாட்டுத் தளங்களை நம்பியிருக்கின்றன. ஒவ்வொரு பதிவுக்கும் 15 சதவீதமோ அதற்கு மேலோ கமிஷன் போகும். விருந்தினர் நேரடியாகப் பதிவு செய்ய ஒரு நல்ல சைட் இருந்தால் அந்த மிச்சம் உரிமையாளருக்குக் கண்ணுக்குத் தெரியும். இந்த ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினால் நீங்கள் பாதி விற்றுவிட்டீர்கள். புதுச்சேரிக்கு இன்னொரு சிறப்பு பிரெஞ்சு. தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றிலும் சைட் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பிரெஞ்சுக்கு மெஷின் மொழிபெயர்ப்பை அப்படியே போடாதீர்கள். அந்த மொழி தெரிந்த ஒருவருக்குக் கூலி கொடுத்துச் சரிபார்த்து, அதையும் கொட்டேஷனில் சேருங்கள்.

கடலூர்ப் பக்கம் வேறு மாதிரி. பண்ருட்டியில் முந்திரி, பலா. கடற்கரை ஊர்களில் மீன் வியாபாரம். சிப்காட் தொழிற்பேட்டையில் ஆலைகளுக்குச் சாமான் சப்ளை செய்யும் சின்னக் கடைகள். இவர்களில் பலருக்கு வெப்சைட்டைவிட முதலில் தேவைப்படுவது கணக்கு. தினம் எத்தனை மூட்டை போனது, யார் பாக்கி என்பதை நோட்டில் எழுதிவைக்கிறவருக்கு கூகுள் ஷீட்டில் ஒரு ஃபாரமும், மாலையில் தானாகவே வாட்ஸ்அப்பில் அனுப்பத் தயாராகும் ஒரு சுருக்கமும் செய்து கொடுத்தால் அவர் உங்களை விடமாட்டார். கூகுள் ஷீட்டுக்குள்ளேயே சின்ன நிரல் எழுத ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்று ஒன்று இருக்கிறது, அதற்கு அது போதும்.

மூன்றாவதாக ஒன்று சொல்கிறேன், இது எனக்குச் சோறு போட்டது: தமிழைத் திரையில் ஒழுங்காகக் காட்டும் வேலை. நம் அச்சகங்களில் இன்னும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் குவிந்து கிடக்கிறது. மாற்றுவதற்கு என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற கருவிகள் உண்டு. ஆனால் மாற்றியதோடு வேலை முடியாது. ‘கொ’ என்ற எழுத்தில் ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியாக விழுந்திருக்கலாம். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடினால் கிடைக்காது. ‘ஔவை’க்கு ‘ஒ’ போட்டு ‘ள’ போட்டிருப்பார்கள். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியில் தமிழ் எழுத்தின் மேல் சுழியும் கீழ்க் கொக்கியும் முட்டிக்கொள்ளும். ‘Submit’ என்பதற்கு வைத்த பொத்தானில் ‘சமர்ப்பிக்கவும்’ அடங்காமல் போன் திரைக்கு வெளியே போய்விடும். இதையெல்லாம் தமிழ் படித்து வளர்ந்தவர்தான் பார்த்தவுடன் பிடிப்பார். அப்படியே தமிழ்99 விசைப்பலகையையும் பழகிவிடுங்கள். 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற முறை. இரண்டு வாரம் விரல் தடுமாறும், அப்புறம் ஆங்கிலத்தைவிட வேகமாகப் போகும்.

கோடிங் பிடிக்காதவர்களுக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங், வீடியோ எடிட்டிங், கடைகளின் கூகுள் மேப் பக்கத்தைப் பராமரிப்பது போன்றவை உண்டு. எதை எடுத்தாலும் ஒரு வருடத்துக்கு அதை மாற்றாதீர்கள்.

இரண்டாம் படி: காசு கொடுக்காமல் கற்பது

வெப் வேலைக்கு வரிசை இது. முதலில் பக்கத்தின் அமைப்புக்கு எச்டிஎம்எல், தோற்றத்துக்கு சிஎஸ்எஸ், ஆறு வாரம். அடுத்து பக்கத்தை இயங்கவைக்கும் நிரல் மொழியான ஜாவாஸ்கிரிப்ட், மூன்று மாதம், அவசரப்படாமல். நடுவில், கோடில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) என்ற கருவியைப் பழகி, கோடை இணையத்தில் சேமிக்கும் கிட்ஹப் தளத்தில் ஒரு கணக்கு தொடங்கி, செய்வதையெல்லாம் அங்கே ஏற்றுங்கள். கடைசியாக, வெப்சைட் கட்டும் தயார் மென்பொருளான வேர்டுபிரஸ். உலக வெப்சைட்டுகளில் 40 சதவீதத்துக்கு மேல் வேர்டுபிரஸில் ஓடுகின்றன, நம்மூர்க் கிளையன்ட் கேட்பதும் பெரும்பாலும் அதைத்தான். ஆனால் அதிலேயே தொடங்கினால், ஏதாவது உடையும்போது எங்கே கைவைப்பது என்று தெரியாது.

ஃப்ரீகோட்கேம்ப், ஓடின் புராஜெக்ட் இரண்டும் முழுக்க இலவசம். சந்தேகம் வந்தால் எம்.டி.என். தளம்தான் அகராதி. ஆங்கிலம் தடுக்கிறது என்றால் ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் தமிழிலும் இருக்கிறது, பத்துப் பத்து நிமிட வீடியோக்களாக. கணியம் என்ற தளம் 2012 முதல் தமிழிலேயே கணினி நுட்பக் கட்டுரைகளும் மின்னூல்களும் இலவசமாகத் தருகிறது. மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளை நான் முதலில் படித்தது தமிழில்தான். பத்தாம் வகுப்போடு நின்றவர்கள் ஐ.டி.ஐ.யில் ‘கோபா’ என்று ஒரு வருடப் பிரிவு உண்டா என்று விசாரியுங்கள். கம்ப்யூட்டர் இயக்குவதும் அடிப்படை நிரல் எழுதுவதும் சொல்லித் தருவார்கள், சான்றிதழும் கிடைக்கும்.

தனியாகக் கற்பதில் பெரிய ஆபத்து, தப்பைத் தப்பென்று சொல்ல ஆள் இல்லாததுதான். விழுப்புரத்தில் வி.ஜி.எல்.யு.ஜி., புதுச்சேரியில் எஃப்.எஸ்.எச்.எம். என்ற கட்டற்ற மென்பொருள் குழுக்கள் இருக்கின்றன. இப்படிப்பட்ட குழுக்களின் கூட்டத்துக்குப் போய், நீங்கள் எழுதியதைத் திறந்து காட்டுங்கள். அங்கே யாரும் மார்க் ஷீட் கேட்கமாட்டார்கள்.

ஏ.ஐ. பற்றி நிச்சயம் கேட்பீர்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு ஒரு சாதாரணப் பக்கத்துக்கான கோடை யாரும் நிமிடத்தில் வாங்கிவிடலாம். நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது கொடுத்ததை வரி வரியாகப் படித்து, இது ஏன் இங்கே இருக்கிறது என்று சொல்ல முடிகிறவருக்குத்தான் அது உதவி. கற்கும் முதல் நான்கு மாதம் அதை எழுதச் சொல்லாதீர்கள், விளக்கச் சொல்லுங்கள். ராத்திரி சைட் விழுந்துவிட்டால் போன் எடுத்து, “நான் பாத்துக்கறேன் சார்” என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். கிளையன்ட் காசு கொடுப்பது அந்த ஆளுக்கு.

மூன்றாம் படி: சாமான்

புது லேப்டாப் வேண்டாம். கம்பெனிகள் கழித்த பழைய பிசினஸ் லேப்டாப் 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி இருந்தால் போதும். வாங்கும்போது பேட்டரி, கீபோர்டின் ஒவ்வொரு எழுத்து, சார்ஜர் முனை மூன்றையும் கடையிலேயே சோதியுங்கள். விண்டோஸ் திணறினால் லினக்ஸ் போடுங்கள். வேலைக்கென்று தனி சிம் எடுத்துவிடுங்கள். தங்கைகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: சொந்த நம்பரை விசிட்டிங் கார்டில் போட வேண்டாம். முதல் சந்திப்பைக் கிளையன்டின் கடையிலோ ஆபீஸிலோ, கடை நடக்கும் நேரத்தில் வையுங்கள்.

நான்காம் படி: முதல் மூன்று வேலை

இங்கேதான் பலர் தேங்கிவிடுகிறார்கள். கற்றாகிவிட்டது, ஆனால் காட்ட ஒன்றும் இல்லை. பயிற்சிக்குச் செய்த கால்குலேட்டரையும் டு-டூ பட்டியலையும் காட்டினால் யாரும் வேலை தரமாட்டார்கள். நிஜமான ஒருவருக்காகச் செய்த, இன்றும் ஓடுகிற மூன்று வேலை வேண்டும்.

முதலாவதை உங்கள் தெருவில் தேடுங்கள். டியூஷன் எடுக்கும் அக்கா, டெய்லர் கடை, தெருக்கோடி மெஸ். ஒரு பக்கம் போதும்: என்ன கிடைக்கும், என்ன விலை, எப்போது திறந்திருக்கும், மேப், வாட்ஸ்அப் பொத்தான். கிட்ஹப் பேஜஸ், நெட்லிஃபை, கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் எதிலாவது இலவசமாகவே ஏற்றலாம். இந்த ஒரு வேலைக்குக் காசு வாங்காவிட்டாலும் பரவாயில்லை. பதிலுக்கு இரண்டு கேளுங்கள்: உங்கள் பெயரைச் சொல்லி இரண்டு வரி எழுதித் தர வேண்டும், வேறு யாராவது கேட்டால் உங்கள் நம்பரைத் தர வேண்டும். இரண்டாவது வேலைக்குக் குறைவாகவாவது காசு வாங்குங்கள். மூன்றாவதை நீங்கள் தேர்ந்தெடுத்த துறையிலேயே செய்யுங்கள். கெஸ்ட் ஹவுஸ் என்றால் கெஸ்ட் ஹவுஸ்.

பிறகு உங்களுக்கென்று ஒரு பக்கம். அதில் இந்த மூன்று வேலையும், ஒவ்வொன்றுக்கும் கீழே நாலு வரியும் இருக்கட்டும்: அவருக்கு என்ன சிக்கல், நான் என்ன செய்தேன், எத்தனை நாள் ஆனது, இப்போது எப்படி ஓடுகிறது. என் பக்கத்தில் முந்திரிக் கடையின் பழைய கிறுக்கலையும் புதுப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அந்த இரண்டு படம் எனக்கு வாங்கித் தந்த வேலைகளை எந்தச் சான்றிதழும் வாங்கித் தந்திருக்காது.

ஐந்தாம் படி: விலை பேசுவது, எழுதிக்கொள்வது

என் மூன்றாவது வருடத்தில் புதுச்சேரியில் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு 12,000 ரூபாய்க்கு வேலை செய்தேன். நல்ல மாதிரிப் பேசினார்கள், காபி கொடுத்தார்கள். முன்பணம் கேட்கக் கூச்சமாக இருந்தது. சைட்டைத் திறந்து பாஸ்வேர்டையும் கொடுத்த பிறகு போன் எடுப்பது நின்றது. நான்கு முறை கடலூரிலிருந்து பஸ் ஏறிப் போனேன். “முதலாளி இல்லை” என்ற பதிலோடு திரும்பினேன். அந்தப் பணம் வரவே இல்லை. என்ன பேசினோம் என்பதற்கு என்னிடம் ஒரு வரிகூட எழுத்தில் இல்லை.

அன்றிலிருந்து, எத்தனை வருடப் பழக்கமானாலும், பேசிவிட்டு வந்த அன்றே ஒரு மெசேஜ் அனுப்பிவிடுகிறேன். நீங்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

“வணக்கம் ஐயா. இன்று பேசியபடி: 5 பக்க வெப்சைட் (முகப்பு, எங்களைப் பற்றி, அறைகள், படங்கள், தொடர்பு), தமிழிலும் ஆங்கிலத்திலும். படங்களும் வாடகை விவரமும் நீங்கள் தருவீர்கள். அவை கைக்கு வந்த நாளிலிருந்து 20 நாளில் முடித்துத் தருவேன். திருத்தம் 2 முறை, அதற்கு மேல் போனால் தனிக் கட்டணம். மொத்தம் 18,000 ரூபாய். பாதி முன்பணம், மீதி சைட்டைத் திறக்கும் முன். டொமைன், ஹோஸ்டிங் உங்கள் பெயரில், உங்கள் செலவில். சம்மதம் என்றால் ‘சரி’ என்று பதில் போடுங்கள்.”

டொமைன் என்பது சைட்டின் முகவரி, ஹோஸ்டிங் என்பது சைட்டை வைக்கும் வாடகை இடம். இதில் ஒவ்வொரு வரியும் ஒரு சண்டையைத் தவிர்க்கிறது. “அவை கைக்கு வந்த நாளிலிருந்து” என்ற வார்த்தையைக் கட்டாயம் சேருங்கள். படம் தருவதற்கே இரண்டு மாதம் எடுத்துக்கொண்டு, “ஏம்மா இன்னும் முடிக்கல?” என்று கேட்பவர்கள் உண்டு.

டொமைன் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். முந்திரி வியாபாரிக்கு முதலில் சைட் போட்டவர் டொமைனைத் தன் பெயரில், தன் மெயிலில் பதிவு செய்திருந்தார். அடுத்த வருடம் அது காலாவதியானபோது அவரைப் பிடிக்க முடியவில்லை. எங்களால் புதுப்பிக்கவும் முடியவில்லை. வேறு பெயர் வாங்கினோம். பழைய முகவரி அச்சிட்ட முந்திரி பாக்கெட் கவர் கட்டுக்கட்டாக வீணானது. அவர் அதைத் தூக்கிப் போடும்போது நான் பக்கத்தில் நின்றேன். கிளையன்டின் டொமைன் அவருடைய கடைப் பெயர்ப் பலகை மாதிரி. அவருடைய மெயில் ஐடியில், அவருடைய கார்டில் வாங்கிக் கொடுத்துவிட்டு, எல்லாப் பாஸ்வேர்டையும் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். அதனால் அவர் உங்களை விட்டுப் போகலாம். என் அனுபவத்தில் போகவில்லை.

எவ்வளவு கேட்பது? மாதம் உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று எழுதுங்கள். அதை 80 மணி நேரத்தால் வகுங்கள். மாதத்தில் கூலி தரும் மணி நேரம் தொடக்கத்தில் அதற்கு மேல் தேறாது, மீதி நேரம் அலைச்சலிலும் கற்பதிலும் போகும். 20,000 வேண்டும் என்றால் மணிக்கு 250. ஒரு சைட்டுக்கு 50 மணி ஆகும் என்றால் 12,500. கிளையன்டிடம் மணிக்கணக்குச் சொல்லாமல் மொத்தத் தொகையாகச் சொல்லுங்கள். குறைக்கச் சொன்னால் விலையைக் குறைக்காமல் வேலையைக் குறையுங்கள்: “அப்போ மூணு பக்கமா பண்ணிடலாம் சார்.”

ஆறாம் படி: வெளியூர், வெளிநாட்டு வேலை

வேலை தருபவரையும் செய்பவரையும் இணைக்கும் தளங்களான அப்வொர்க், ஃபைவர் இரண்டும் உள்ளே போக எளிது, முதல் வேலை கிடைப்பது கடினம். ஃபைவர் உங்கள் வருமானத்தில் 20 சதவீதம் எடுத்துக்கொள்ளும். அப்வொர்க்கில் 2025 மே முதல் வேலையைப் பொறுத்து 0 முதல் 15 சதவீதம் வரை. அதோடு, விண்ணப்பிக்கவே ‘கனெக்ட்ஸ்’ என்ற டோக்கன் வாங்க வேண்டும். அதனால் கண்ணில் பட்ட வேலைக்கெல்லாம் போடாதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு போதும். வேலை விவரத்தை முழுக்கப் படித்து, முதல் இரண்டு வரியில் அவருடைய சிக்கலை உங்கள் சொல்லில் திருப்பிச் சொல்லி, அதற்கு நெருக்கமான உங்கள் ஒரு வேலையின் லிங்கைக் கொடுங்கள். உங்களைப் பற்றிய பெருமை மூன்றாம் வரிக்கு அப்புறம் வரட்டும்.

தமிழ் யுனிகோடு, தமிழ் ஆப் சோதனை, தமிழ்த் தரவு சரிபார்ப்பு என்று தேடிப்பாருங்கள். போட்டி குறைவாக இருக்கும். ஆங்கிலம் சரளமாக வராது என்ற பயம் எனக்கும் இருந்தது. எழுத்தில் பேசும்போது யோசிக்க நேரம் கிடைக்கிறது. சின்ன வாக்கியம் எழுதுங்கள், ஒரு மெயிலில் ஒரு கேள்வி கேளுங்கள், தேதியை எப்போதும் குறிப்பிடுங்கள். அது போதும்.

பணம் வாங்க பேபால், பயோனியர், வைஸ் போன்றவை இருக்கின்றன. பேபால் 2021 ஏப்ரல் முதல் இந்தியாவுக்குள் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டது. வெளிநாட்டிலிருந்து வருவதற்கு மட்டும்தான். பணம் வரும்போது எதற்கான வரவு என்று ஒரு பர்பஸ் கோடு கேட்பார்கள், சாஃப்ட்வேர் சேவைக்கென்று தனிக் கோடு உண்டு. வரவுச் சான்றை ஒவ்வொரு முறையும் பதிவிறக்கி ஒரு ஃபோல்டரில் போடுங்கள். வருடக் கடைசியில் ஆடிட்டர் அதைத்தான் முதலில் கேட்பார்.

ஏழாம் படி: வரி, பதிவு, பில்

இதில் நம்மூர்க்காரர்களுக்கென்றே ஒரு சந்தேகம் வரும். கடலூரில் உட்கார்ந்து புதுச்சேரி கிளையன்டுக்கு வேலை செய்கிறோம். பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான், ஆனால் முள்ளோடை தாண்டினால் சட்டப்படி வேறு பிரதேசம். வெளிமாநிலச் சேவைக்குக் கட்டாயம் ஜிஎஸ்டி எடுக்க வேண்டும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். 2017 அக்டோபரில் வந்த விலக்கின்படி, சேவை தருபவரின் வருட மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை, வெளிமாநிலத்துக்குச் செய்தாலும் பதிவு தேவையில்லை. உங்கள் வெளிநாட்டு வரவும் அந்த 20 லட்சக் கணக்கில் சேரும் என்பதை மறக்க வேண்டாம்.

பான் கார்டு கட்டாயம். கம்பெனிக் கிளையன்ட் டிடிஎஸ் என்று வரியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு மீதியைத் தரலாம். அது தொலைந்த பணம் இல்லை. வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, ரிட்டர்ன் தாக்கல் செய்தால் வரி போக மீதி திரும்பும். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வருடமும் ரிட்டர்ன் போடுங்கள். சம்பளச் சீட்டு இல்லாத நமக்கு வங்கியில் கடன் கேட்கும்போது அதுதான் சம்பளச் சீட்டு. ஆடிட்டருக்குக் கொடுக்கும் கட்டணத்தைச் செலவாக நினைக்காதீர்கள்.

சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவும் செய்துவிடுங்கள். ஆதாரும் பானும் போதும், அரசுத் தளத்தில் முழுக்க இலவசம். காசு கேட்கும் தளங்கள் எல்லாம் இடைத்தரகர்கள். இதனால் என்ன பயன் என்றால், பதிவு பெற்ற சிறு தொழிலுக்குத் தரவேண்டிய பணத்தை, எழுத்தில் தவணை ஒப்புக்கொண்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. இழுத்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. பில்லின் கீழே உத்யம் எண்ணையும் ‘15 நாளில் செலுத்தவும்’ என்ற வரியையும் போட ஆரம்பித்த பிறகு எனக்குப் பாக்கி குறைந்தது.

எட்டாம் படி: கரண்ட் போகும், புயல் வரும்

சென்னையிலோ பெங்களூரிலோ இருந்து எழுதுகிறவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் நம் இரண்டு ஊருக்கும் நடுவில்தான் கரையைக் கடந்தது. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியபோது எனக்கு ஒரு வேலையின் கடைசித் தேதி டிசம்பர் 2. அந்தத் தடவை நான் தயாராக இருந்தேன். புயல் எச்சரிக்கை வந்த அன்றே கிளையன்டுக்கு எழுதினேன்: எங்கள் ஊரில் புயல், இரண்டு மூன்று நாள் தொடர்பு அறுந்துபோகலாம், முடிந்தவரை இன்றே ஏற்றிவிடுகிறேன், மீதி 5-ஆம் தேதிக்குள். அவர் ஒரே வரியில் பத்திரமாக இருக்கச் சொன்னார். சொல்லாமல் மூன்று நாள் காணாமல் போயிருந்தால் அந்த வேலை போயிருக்கும்.

எனவே: அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொடுக்கும் தேதிகளில் ஒரு வாரம் கூடுதலாகச் சேருங்கள். இரண்டு வெவ்வேறு கம்பெனி சிம். ரவுட்டருக்கு மட்டுமாவது ஒரு சின்ன யுபிஎஸ். வேலை எல்லாம் தினமும் கிட்ஹப்பில் ஏறிவிட வேண்டும், லேப்டாப் நனைந்தாலும் கோட் நனையாது. மாதாந்திரப் பராமரிப்பு ஷட்டவுன் தேதி முன்னாலேயே செய்தித்தாளில் வரும். அன்றைக்கு மீட்டிங் வைக்காதீர்கள். மாவட்ட மைய நூலகமோ நண்பர் வீடோ ஒரு மாற்றிடம் இருக்கட்டும்.

ஏமாறாமல் இருக்க

வேலை தருகிறேன் என்பவர் உங்களிடம் காசு கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பதிவுக் கட்டணம், டிரெய்னிங் ஃபீஸ், செக்யூரிட்டி டெபாசிட், பெயர் எதுவானாலும் சரி. டேட்டா என்ட்ரி என்று சொல்லிக் கொடுத்து, தப்பு இருக்கிறது, ஒப்பந்தத்தை மீறிவிட்டாய், வக்கீல் நோட்டீஸ் வரும் என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல் உண்டு. பயந்து கட்டாதீர்கள். டெலிகிராமில் லைக் போட்டால் காசு என்பதும் இதே வகைதான், முதலில் நூறு இருநூறு தந்து பிறகு ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு மீட்க வாய்ப்பு.

ஒன்பதாம் படி: மாத வருமானமாக மாற்றுவது

ஒவ்வொரு மாதமும் புதுக் கிளையன்ட் தேடி ஓடினால் இரண்டு வருடத்தில் களைத்துவிடுவீர்கள். சைட் முடித்துக் கொடுக்கும் அன்றே பராமரிப்பைப் பேசுங்கள். வேர்டுபிரஸும் அதோடு சேரும் கூடுதல் வசதிகளான பிளக்இன்களும் புதுப்பிப்பு, வாரம் ஒரு பேக்கப், மாதம் இரண்டு மணி நேரம் சின்னத் திருத்தம், இதற்கு மாதம் 1,000 ரூபாய் என்று நான் தொடங்கினேன். பத்துப் பேர் சேர்ந்த மாதம்தான் டிடிபி கடை வேலையை விட்டேன். கடை அண்ணன் இப்போதும் எனக்கு ஆள் அனுப்புகிறார்.

முந்திரி வியாபாரி என் மாதக் கணக்கில் முதல் பெயர். ஏப்ரல், மே மாதம் புதுக் கொட்டை வரும்போது விலை அடிக்கடி மாறும். அவர் பழக்கம் மாறவில்லை. அச்சகத்தில் அடித்த தாளைப் போட்டோ எடுத்து அனுப்புவார், பின்னாலேயே எந்தத் தரப் பருப்புக்கு விலை மாறியது என்று ஒரு வாய்ஸ் மெசேஜ்: “ஏம்மா, டபிள்யூ 320 மட்டும் பத்து ரூபா ஏத்திக்க, மத்ததெல்லாம் பழசுதான்.” மாற்றி ஏற்றிவிட்டு லிங்க்கை அனுப்ப எனக்கு இருபது நிமிடம் ஆகும். போனில் திறந்து, ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு “சரி” என்று பதில் போடுவார்.